குளிரில் கசிவது

என் மனைவியின் கண்களில் லேசான மஞ்சள் எப்போதும் இருந்தது. ட்யூப்லைட் வெளிச்சத்தில் தெரியாது. வெயிலில் அவள் நிமிர்ந்து பார்த்தால் மட்டும் தெரியும். நான் அதை முதலில் பார்த்தது பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில், ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் தேவாலய வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது. இரு வீட்டாரும் பேசி ஏற்பாடு செய்திருந்த சந்திப்பு அது. நான் அவள் கண்களையே பார்ப்பதைக் கவனித்த அவளுடைய அம்மா என்னைத் தனியே அழைத்து, "காமாலைன்னு நெனச்சுக்காதீங்க தம்பி. பொறந்ததுலருந்தே அவளுக்கு அப்படித்தான். அவங்க டாடிக்கும் அப்படித்தான்" என்றார். நான் காமாலை என்று நினைக்கவே இல்லை. அழகாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லக் கூச்சப்பட்டுத் தலையை மட்டும் ஆட்டினேன்.

கல்யாணமான பிறகும் அந்த மஞ்சளை யாரும் சும்மா விடவில்லை. அவளுடைய அலுவலகத் தோழிகள் இருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை ஆனேக்கல் பஸ்ஸில் ஏற்றி, அங்கிருந்து இன்னும் உள்ளே ஒரு கிராமத்துக்குக் கூட்டிப் போனார்கள். காமாலைக்குப் பச்சிலை அரைத்து வெறும் வயிற்றில் கொடுப்பவர் ஒருவர் அங்கே இருந்தார். உப்பு, புளி, எண்ணெய் எதுவும் கூடாது, மோர்சாதம் மட்டும் என்று பத்தியம். மத்தியானம் வரை தாக்குப்பிடித்தாள். சாயங்காலம் தெருமுனைக்குப் போய் மிளகாய் பஜ்ஜி வாங்கி வந்து எனக்கும் ஒன்றை நீட்டினாள்.

"உப்பில்லாத மோர்சாதம் திங்கறதுக்கு நான் மஞ்சளாவே இருந்துட்டுப் போறேன்."

கண்களைப் போலவே அவளுடைய ரத்தத்திலும் ஒரு விசித்திரம் இருந்தது. அப்போது எங்களுக்கு அது ஒரு வீட்டு வேடிக்கை. அவள் வேலை செய்த கம்பெனியில் ஆண்டுதோறும் உடல் பரிசோதனை செய்வார்கள். பரிசோதனைக்கூடத்திலிருந்து ஆள் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போவார். மறுநாள் தவறாமல் போன் வரும். "மேடம், பொட்டாசியம் ரொம்ப ஜாஸ்தி காட்டுது. சாம்பிள் கெட்டிருக்கும். மறுபடி குடுக்கணும்." அவள் அலுத்துக்கொண்டே நேரில் போய், அங்கேயே கையை நீட்டி ரத்தம் கொடுத்துவிட்டு வருவாள். அது சரியாக இருக்கும். அடுத்த ஆண்டும் இதே கதை.

"வேற யார் கையிலயாவது குடுத்தா அழுற குழந்தைங்க இருக்கில்ல, அந்த மாதிரி என் ரத்தம்" என்பாள். "நானே தூக்கிட்டுப் போனா சமத்தா இருக்கும்."

நான் வேதியியல் படித்தவன். பெயிண்ட் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இத்தனை ஆண்டுகளாக வேலை. மாதிரியை ஒழுங்காகக் கையாளத் தெரியாத ஆட்கள் என்று அந்தக் கூடத்தைத் திட்டுவேனே தவிர, ஒவ்வோர் ஆண்டும் ஒரே மாதிரி நடக்கிறதே என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை. அவளும் யோசிக்கவில்லை. எந்த நோயும் இல்லாமல் நன்றாகத்தானே இருந்தாள்.

அவள் போனது இதனால் அல்ல. ஒரு காலை வேளையில் அலுவலகத்தில் தலை வலிக்கிறது என்று படியில் உட்கார்ந்தாளாம். மூளையில் ரத்தக்குழாய் ஒன்று வெடித்துவிட்டது. நான் பஸ் பிடித்து, பஸ் நகராமல் இறங்கி, ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பேச ஒன்றும் மிச்சமில்லை. மகள் அப்போது பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு வீட்டில் இரண்டே பேர். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தாலும் முதல் மணியிலேயே எடுக்கத் தொடங்கியது அப்போதிலிருந்துதான்.

மகள் பொறியியல் முடித்து, கொஞ்ச காலம் தொம்மலூரில் எங்கள் வீட்டுக்கு நடந்துபோகும் தூரத்திலேயே ஓர் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். பிறகு கனடாவில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. நான் சந்தோஷப்பட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அவள் போக வேண்டிய ஊரின் குளிர்கால வெப்பநிலையைப் போனில் பார்த்துவிட்டு, அந்த எண்ணுக்கு முன்னால் இருக்கும் கழித்தல் குறியையே பார்த்துக்கொண்டிருப்பேன். கிளம்புவதற்கு முன் ஒரு முழு உடல் பரிசோதனை செய்துகொள் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

"எனக்கு என்ன டாடி? நல்லாத்தானே இருக்கேன்."

"நல்லா இருக்கேன்னு தெரிஞ்சுக்கத்தான்."

"எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியணும். அதுக்கு என் கையில ஊசி."

ஒரு சனிக்கிழமை காலை ரத்தம் எடுக்க ஒரு பெண்மணி வந்தார். என் வயது இருக்கும். தோளில் நீலநிறக் குளிர்பெட்டி. மகளிடம் கன்னடத்திலும் என்னிடம் தமிழிலும் பேசிக்கொண்டே, வலிக்காமல் எடுத்தார். நான் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன்.

"ஐஸ் போதுமாம்மா? லேப் எங்க இருக்கு?"

"பீண்யா தாண்டி சார். போதும், உள்ள ஊட்டி மாதிரி இருக்கு."

"அங்க போய்ச் சேரவே மத்தியானம் ஆயிடுமே. சிக்னல்ல எல்லாம் நிக்கணும்."

"நடுவுல இன்னும் நாலு வீடு வேற போகணும் சார்."

அதைக் கேட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. மாதிரி கெட்டுப்போய் மறுபடி அவளுக்கு ஊசி குத்த வேண்டிவரும். ஃப்ரிட்ஜின் மேல்தட்டிலிருந்து, முட்டிவலிக்கு ஒத்தடம் கொடுக்க வைத்திருந்த ஜெல் பொட்டலத்தை எடுத்து வந்து கொடுத்தேன். அவர் என் மகளைப் பார்த்தார். மகள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"வாங்கிக்கோங்க ஆன்ட்டி. இல்லன்னா உங்க பின்னாடியே வண்டியில வந்துடுவாரு."

"ஆய்த்து, குடுங்க சார். அட்ஜஸ்ட் பண்ணிக்கறேன்" என்று அந்தப் பொட்டலத்தை வாங்கிப் பெட்டிக்குள் சொருகிக்கொண்டார்.

மத்தியானத்துக்குப் பிறகு மழை பிடித்தது. மகள் தரையில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, பேக்கரியிலிருந்து வாங்கிவந்த பஃப்ஸைச் சாப்பிட்டபடி, எந்த ஸ்வெட்டரை விடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. பரிசோதனைக்கூடம். பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு மேலே இருக்கிறது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்றார் பேசியவர். பிறகு, "பேஷன்ட் கான்ஷியஸா இருக்காங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"பஃப்ஸ் சாப்பிட்டுட்டு இருக்கேன்னு சொல்லுங்க டாடி."

ரத்தத்தில் பொட்டாசியம் அளவுமீறினால் இதயம் எந்த நொடியும் நின்றுபோகும் என்பது எனக்குத் தெரியும். படித்தவனுக்கு அந்த ஒரு சாபம் உண்டு. ஆட்டோவில் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நாடி பார்த்தேன். எது அவள் துடிப்பு, எது என்னுடையது என்று தெரியவில்லை.

"நெஞ்சு படபடன்னு இருக்கா?"

"உங்களப் பாத்தாதான் படபடன்னு இருக்கு. கைய விடுங்க, நசுக்குறீங்க."

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் கூட்டம். இன்னொரு ரத்த மாதிரி எடுத்து ஒரு தட்டில் வைத்தார்கள். அதில் ஏற்கெனவே பல குழாய்கள் இருந்தன. தட்டு நிறைந்தபின் யாரோ அவற்றை எதிர்க் கட்டடத்துக்கு எடுத்துப் போக வேண்டும். தட்டுக்கு நேர் மேலே ஏ.சி. சில்லென்று ஊதிக்கொண்டிருந்தது. மகளின் மார்பில் கம்பிகளை ஒட்டி இதயத் துடிப்பைப் பதிவு செய்தார்கள். கோடுகள் ஒழுங்காக ஓடின. பொறுப்பில் இருந்த டாக்டர் இளம்பெண். தாவணகெரே பக்கத்துக் கன்னடக்காரர், பேச்சிலேயே தெரிந்தது. அவர் அந்தத் தாளை இரண்டு தடவை பார்த்தார்.

வெகுநேரம் கழித்து இரண்டாவது முடிவும் வந்தது. முதலாவது அளவுக்கு இல்லை, ஆனாலும் அதிகம்தான்.

"ரெண்டும் ஜாஸ்தி அங்கிள். ஈ.சி.ஜி. நல்லா இருக்கு, எனக்கே ஆச்சரியம்தான். ஆனா வெயிட் பண்ண முடியாது. இன்சுலின் குடுத்து எறக்கிடறேன்."

செவிலியர் மருந்தை எடுக்கப் போனார். மகள் ஜன்னல் பக்கமாகப் படுத்திருந்தாள். மழை ஓய்ந்து மாலை வெயில் சாய்வாக உள்ளே வந்தது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். வெயிலில் அந்த மஞ்சள்.

அவளுக்கும் அது உண்டு என்பது எனக்குத் தெரியாதது அல்ல. குழந்தையாக இருந்தபோதே தெரியும். ஆனால் அந்த நிமிடத்தில் பார்த்தது வேறொருத்தியின் கண். என் மனைவி சொன்னது காதருகே கேட்டது. நானே தூக்கிட்டுப் போனா சமத்தா இருக்கும்.

டாக்டரிடம் சொன்னேன். வரிசையாகச் சொல்ல வரவில்லை. கண் மஞ்சள், அவளுடைய தாத்தா, ஆண்டுதோறும் வந்த போன், வீட்டில் எடுத்தால் அதிகம், நேரில் கொடுத்தால் சரி, இன்று காலை நான் கொடுத்த ஐஸ் பொட்டலம், இந்த ஏ.சி. எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் என்னை நிறுத்திவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் செவிலியரைப் பார்த்துக் கையை உயர்த்தி, "ஒந்து நிமிஷ" என்றார்.

"நேர்ல குடுத்தா எப்பவும் நார்மலா?"

"எப்பவும்."

அவர் மறுபடி ஈ.சி.ஜி. தாளைப் பார்த்தார். பிறகு தானே ஊசியை எடுத்து மகளின் மறு கையில் ரத்தம் எடுத்தார். "இப்ப கொண்டுபோக ஆள் இல்ல. நீங்களே போங்க அங்கிள். எதிர் பில்டிங், கிரவுண்ட் ஃப்ளோர். நான் போன் பண்றேன், போனதும் மெஷின்ல போடுவாங்க. கைக்குள்ள மூடி வெச்சுக்கோங்க, ஆறக்கூடாது. குலுக்காதீங்க. அதுவரைக்கும் மருந்து போடல. நான் இவங்க பக்கத்துலயே இருக்கேன்."

குழாயை உள்ளங்கையில் வாங்கினேன். வெதுவெதுவென்று இருந்தது.

இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே திறந்த முற்றம். மழைக்குப் பிந்தைய பெங்களூர்க் காற்று ஈரமாக வீசியது. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, மூடிய கையை உள்ளே விட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். ஓட வேண்டும் என்றிருந்தது, குலுங்கக்கூடாதே. ஆம்புலன்ஸ் ஒன்று திரும்புவதற்காக நின்றேன். அந்தச் சூடு என் விரல்களுக்குள் ஒரு சின்ன உயிரைப் போல இருந்தது. மகள் பிறந்த அன்று துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தபோது இதே போல்தான் அசையப் பயந்து நின்றேன். கட்டிலில் படுத்தபடி அவள் அம்மா சிரித்தாள். "பிடிங்க, உடைஞ்சிட மாட்டா." என் மனைவி இறந்து அத்தனை ஆண்டுகளில் அவளை நான் அவ்வளவு கிட்டத்தில் உணர்ந்ததே இல்லை. அவளுடைய புடவைகளை முகர்ந்து பார்த்திருக்கிறேன். அவளுடைய போனில் பழைய குரல் பதிவுகளைக் கேட்டிருக்கிறேன். அவையெல்லாம் ஆறிப்போனவை. இது சூடாக இருந்தது. எதிர்க் கட்டடம் இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கக்கூடாதா என்று ஒரு கணம் தோன்றியது. அந்த நேரத்தில், மகள் அங்கே கம்பிகளோடு படுத்திருக்கும்போது, அப்படி ஏன் தோன்றியது என்று இப்போதும் எனக்கு விளங்கவில்லை.

பரிசோதனைக்கூடத்து ஆள் வாசலிலேயே நின்று குழாயை வாங்கிக்கொண்டார். என் கை ஆறிப்போனது.

பொட்டாசியம் சரியான அளவில் இருந்தது. முழுக்கச் சரியான அளவில். டாக்டர் தாளை எங்கள் இருவரிடமும் காட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அந்த இன்சுலின் குடுத்திருந்தா..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நல்ல அளவில் இருக்கும் பொட்டாசியத்தை இன்னும் இறக்கினாலும் இதயத்துக்கு ஆபத்துதான். அதுவும் எனக்குத் தெரிந்ததுதான்.

அவர் அனுப்பிவைத்த ரத்தவியல் நிபுணர் வயதானவர். பேச்சில் கிண்டல் அதிகம். மகளின் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமிட்டு, நுண்ணோக்கியில் எங்களைப் பார்க்கச் சொன்னார். சாதாரணமாகச் சிவப்பணு நடுவில் இரண்டு பக்கமும் அமுங்கிய வட்டம். மகளுடையவற்றில் நிறைய அணுக்கள் கிண்ணம் போலக் குழிந்து கிடந்தன. மேலிருந்து பார்க்கும்போது நடுவில் ஒரு கீற்று வெளுப்பு, லேசாகத் திறந்த உதடுகளைப் போல.

"உங்க அபார்ட்மென்ட்ல பேஸ்மென்ட் இருக்கா சார்?"

"எங்களுது பழைய வீடு. ஆனா பாத்திருக்கேன்."

"மழை வந்தா சுவத்துல தண்ணி கசியும். கீழ மோட்டார் ஓடிட்டே இருக்கும், எறைச்சு வெளிய கொட்டும். காரெல்லாம் நனையாது. கரன்ட் போனா?"

"நிரம்பிடும்."

"அவ்வளவுதான் கதை. சிவப்பணுவோட சவ்வுல சோடியத்த வெளிய தள்ளி, பொட்டாசியத்த உள்ள இழுக்கற மோட்டார் இருக்கு. எல்லாருக்கும் இருக்கு. இவங்களுக்குச் சவ்வுல கசிவு கொஞ்சம் அதிகம். சோடியம் உள்ள வரும், கூடவே தண்ணி வரும், அணு உப்பி வடிவம் மாறும். பொட்டாசியம் வெளிய ஒழுகும். உடம்புச் சூட்டுல மோட்டார் ஈடுகட்டிடுது. ஐஸ்ல வெச்சா மோட்டார் படுத்துடும், கசிவு படுக்காது. அன்னைக்கி நீங்க பாத்த பொட்டாசியம் எல்லாம் குழாய்க்குள்ள ஒழுகினது. உடம்புல இல்ல. நீங்க வேற எக்ஸ்ட்ராவா ஐஸ் வெச்சீங்களாமே?"

மகள் என் பக்கம் திரும்பவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. சிரிப்புதான்.

சில அணுக்கள் சீக்கிரம் உடைந்துபோவதால்தான் கண்ணில் மஞ்சள் என்றார். அணுக்கள் உடைவதைத் தடுக்க என்று அவசரப்பட்டு மண்ணீரலை எடுக்க யாராவது சொன்னால் சம்மதிக்கக் கூடாது, இந்தக் குறையில் அதனால் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு, ரத்தத்தை எப்போதும் சூடு ஆறாமல் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும், மற்றபடி நூறு வயது இருக்கலாம் என்றார். நான் கேட்க வந்ததைக் கேட்டேன்.

"கனடாவுல அவ்வளவு குளிர் டாக்டர். இவ ரத்தம் அங்க..."

"சார், இவங்க ஐஸ் பெட்டியிலயா தங்கப் போறாங்க? வெளிய எத்தன மைனஸ் இருந்தாலும் உள்ள முப்பத்தேழு டிகிரி. குளிருக்கு எல்லாரும் போடுற கோட்டு போதும்."

என் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். ஐஸில் வைத்தும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. நுண்ணோக்கியில் என் அணுக்கள் ஒன்றைப்போல ஒன்று, அமுங்கிய வட்டங்கள். "அப்போ அம்மா வழிதான். பரிசோதிச்சுப் பாக்க அவங்க இல்ல, அதனால உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா நீங்க சொன்னத வெச்சு எனக்குச் சந்தேகம் இல்ல" என்றார். நிம்மதி அடைய வேண்டிய நான் ஏனோ ஓரம் கட்டப்பட்டவன் போல உட்கார்ந்திருந்தேன். வீட்டில் எப்போதும் அவர்கள் இருவரும் ஒரு கட்சி, நான் தனி. கேரம் விளையாடினாலும் அப்படித்தான்.

ஆட்டோவில் திரும்பும்போது மகள் கேட்டாள்.

"மம்மியோட ஸ்லைடு ஒண்ணு இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்ல?"

ஆமாம் என்றேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் பக்கத்தில் படுத்திருந்தவளின் உள்ளே அத்தனை கோடி சின்ன மோட்டார்கள் ஓய்வில்லாமல் இறைத்துக்கொண்டிருந்ததை நான் அறியவே இல்லை. அறிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை. காதை வைத்துக் கேட்டிருப்பேனோ என்னவோ.

மகள் கிளம்பிப் போனாள். விமான நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனபின் திரும்பி, மூடிய கையைக் கோட்டுக்குள் விட்டு நெஞ்சில் வைத்துக் காட்டிச் சிரித்தாள். நான் குழாயை எடுத்துப் போன விதத்தை அன்று ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். அதுவரை என்னிடம் சொல்லவில்லை.

எனக்கு இன்னும் அந்தச் சனிக்கிழமை விட்டுப் போகவில்லை. யாராவது ஏ.சி.யைக் கூட்டினால் எழுந்து வெளியே போய்விடுகிறேன். தொழிற்சாலையில் மாதிரிகளைக் குளிர்பெட்டியில் அடுக்கும்போது கை ஒரு நொடி தயங்குகிறது. ஜெல் பொட்டலம் திரும்ப வரவில்லை. முட்டி வலித்தால் சும்மா தேய்த்துக்கொள்கிறேன். தினமும் மாலை, அங்கே காலை, அவள் வீடியோவில் வருகிறாள்.

போன வாரம் அங்கே அவளுக்குக் காய்ச்சல். வளாகத்து மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்களாம். அதை அவள் என்னிடம் முடிவு வந்தபின்தான் சொன்னாள். முன்னால் சொன்னால் நான் டிக்கெட் தேடத் தொடங்கியிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

"எடுத்த உடனே சூடா டெஸ்ட் பண்ணணும்னு சொன்னேன். அந்த நர்ஸ் ஒரு மாதிரி பாத்தாங்க. நம்ம ஊர் டாக்டர் குடுத்த குறிப்பக் காட்டினேன். வெளிய ஒரே பனி, லேப் ரெண்டு கதவு தள்ளி. என் கண்ணு முன்னாடியே கையில மூடி எடுத்துட்டுப் போனாங்க."

"எவ்வளவு வந்துச்சு?"

"நார்மல். சமத்தா இருந்துச்சு டாடி."

அவள் அறையில் ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் திரைச்சீலை. அதன் ஓரத்தில் பனிமேல் பட்ட வெயில் பளீரென்று தெரிந்தது.

"அந்தத் திரையத் தள்ளிட்டு ஜன்னல் பக்கம் திரும்பேன்."

"ஏன், என்ன இருக்கு?"

"சும்மா திரும்பு."

அவள் திரையைத் தள்ளி வெளிச்சத்துக்குள் முகத்தைக் காட்டினாள். வெயில் கூசக் கண்களைச் சுருக்கி, பிறகு மெல்ல விரித்தாள்.

"தெரியுதா டாடி?" என்று கேட்டாள்.

தெரிந்தது.